சாதாரணப் பயனருக்கு மட்டும் உறையும் நிரல்

கணினி நிரல் ஒன்று பிழைச்செய்தி தந்துவிட்டு நின்றுபோனால், அதைச் சரிசெய்ய முனைபவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு நுனியாவது கிடைக்கிறது. செய்தி எதுவும் தராமல், முடிந்தும் போகாமல் உறைந்து நிற்கும் நிரலிடம் அந்த நுனியும் இருப்பதில்லை. இத்தகைய உறைவுகளில் மிகுந்த குழப்பம் தருவது, ரூட் எனப்படும் முழு அதிகாரம் கொண்ட பயனர் இயக்கினால் ஒழுங்காக ஓடி முடிகிற நிரல், அதே சூழலில் அதிகாரமற்ற சாதாரணப் பயனர் இயக்கும்போது மட்டும் நின்றுவிடுவதுதான். கண்டெய்னர், ஜெயில், குரூட் முதலிய பெயர்களில் வழங்கும் தனிமைச் சூழல்களில் இது அடிக்கடி நிகழ்கிறது. அவ்வாறு நிகழ்வதற்கு அச்சூழல்களின் அமைப்பிலேயே காரணம் உண்டு.

தனிமைப்படுத்துதல் என்பது ஒரு நிரலின் கண்ணுக்குத் தெரியும் உலகைச் சுருக்கிக் காட்டுவதாகும். 1979இல் ஏழாம் பதிப்பு யுனிக்ஸோடு தோன்றிய குரூட் என்னும் வசதி, கோப்புமரத்தின் ஒரு கிளையையே முழு மரமாக நிரலுக்குக் காட்டியது; அதற்குமேல் எதையும் மறைக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் ஃப்ரீபிஎஸ்டி 4.0 உடன் வெளிவந்த ஜெயில், போல்-ஹென்னிங் காம்ப் என்பவரின் ஆக்கம். அது கோப்புகளோடு நில்லாமல், இயங்கும் பிற நிரல்களையும் வலையமைப்பு முகவரியையும் கட்டுப்படுத்தி, ஜெயிலுக்குள் இருக்கும் ரூட்டின் அதிகாரத்தையும் வெட்டியது. லினக்ஸில் இதே வேலையை நேம்ஸ்பேஸ் எனப்படும் தனித்தனிப் பிரிவுகள் செய்கின்றன. கோப்புமரத்துக்கான பிரிவு 2002இல் வந்தது, பயனர் எண்களுக்கான பிரிவு 2013இன் தொடக்கத்தில் கெர்னல் 3.8இல்தான் முழுமை பெற்றது. அதே ஆண்டில் அறிமுகமான டாக்கர் இவற்றையெல்லாம் ஒரே கட்டளைக்குள் அடக்கியதால், முன்பு சர்வர் நிர்வாகிகளுக்கு மட்டுமே தெரிந்திருந்த தனிமைச் சூழல் இன்று எல்லா நிரலாளரின் அன்றாடக் கருவியாகிவிட்டது.

இவ்வாறு, உள்ளே இருக்கும் சாதாரணப் பயனர் மீது இரண்டு கட்டுப்பாடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன: சூழல் சிலவற்றைக் காட்டவே காட்டாது; காட்டுபவற்றிலும் சிலவற்றைத் தொட அனுமதி தராது. முதல் கட்டுப்பாட்டை ரூட் தன் அதிகாரத்தால் பல நேரங்களில் ஈடுகட்டிக்கொள்கிறது. சூழலை அமைப்பவர் ரூட்டாகவே இருந்து, ரூட்டாகவே சோதித்துப் பார்ப்பதால், இரண்டும் சேரும் இடத்தில் என்ன நடக்கும் என்பது வேறொருவர் வந்து நிரலை இயக்கும்வரை வெளிப்படுவதில்லை.

அனுமதி இல்லையென்றால் மறுப்புதானே வரவேண்டும், உறைவு ஏன் வருகிறது என்ற கேள்வி நியாயமானது. கெர்னல், அதாவது வன்பொருளுக்கும் நிரல்களுக்கும் நடுவில் நிற்கும் இயங்குதளத்தின் உட்கரு, பெரும்பாலும் மறுப்பை உடனே சொல்லிவிடுகிறது. அந்த மறுப்பை ‘இப்போதைக்கு இல்லை, பிறகு வா’ என்று நிரல் பொருள்கொள்ளும்போதுதான் உறைவு பிறக்கிறது. டேட்டாபேஸ் தயாராகிவிட்டதா என்று நொடிக்கொருமுறை கேட்டுக் காத்திருக்கும் ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். சோதனைக் கட்டளையின் வெளியீடு யாருக்கும் தேவையில்லை என்பதால், எழுதுவதையெல்லாம் விழுங்கிவிடும் /டெவ்/நல் என்னும் பொய்ச் சாதனத்துக்கு அது திருப்பப்பட்டிருக்கும். அவசரமாக அமைத்த குரூட் ஒன்றில் அந்தச் சாதனம் இல்லை என்று கொண்டால், ரூட் முதன்முறை அங்கே எழுத முற்படும்போது பிழை எதுவும் எழாது. அந்தப் பெயரில் சாதாரணக் கோப்பு ஒன்று, ரூட்டுக்கு மட்டும் எழுதும் உரிமையோடு, ஓசையின்றி உருவாகிவிடும். பின்னர் சாதாரணப் பயனர் அதே ஸ்கிரிப்டை இயக்கினால், ஷெல் அந்தக் கோப்பைத் திறக்க முயன்று மறுக்கப்பட்டு, சோதனைக் கட்டளையை இயக்காமலேயே ‘தோல்வி’ என்று அறிவிக்கும்; ஸ்கிரிப்டோ அதை ‘டேட்டாபேஸ் இன்னும் தயாராகவில்லை’ என்று புரிந்துகொண்டு ஒரு நொடி தூங்கி, மீண்டும் முயன்று, முடிவில்லாமல் சுழலும். டேட்டாபேஸ் முதல் நொடியிலிருந்தே தயாராக இருந்திருக்கலாம், ஆனால் யாரும் அதைக் கேட்கவேயில்லை. கோப்புகளின் நீளப் பட்டியலில் அந்தக் கோப்பின் உரிமைக் குறிகளுக்கு முன்னால் சாதனத்தைக் குறிக்கும் ‘சி’ எழுத்து இல்லாமல் வெறும் கோடு நிற்பதே இதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம்.

ஆகவே ஆய்வின் முதற்படி, நின்றுபோனதாகத் தோன்றும் நிரல் உண்மையில் என்ன செய்கிறது என்று கெர்னலிடமே கேட்பதாகும். பிஎஸ் கட்டளை ஒவ்வொரு நிரலுக்கும் ஓர் எழுத்தைக் காட்டும். ‘ஆர்’ என்றால் நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது, அதாவது எங்கோ சுழன்று சிபியுவைத் தின்றுகொண்டிருக்கிறது. ‘எஸ்’ என்றால் ஏதோ ஒன்றுக்காகத் தூங்குகிறது. ‘டி’ என்னும் பெரிய எழுத்துகளில் இரண்டு உண்டு. தமிழில் எழுதும்போது ஒன்றாகிவிடும் இவற்றுள், ஆங்கில நெடுங்கணக்கின் நான்காம் எழுத்து, பதில் தராத வட்டு அல்லது வலைவழிக் கோப்பகத்துக்காக, எந்தச் சமிக்ஞையாலும் எழுப்ப முடியாதபடி நிரல் உறங்குவதைக் குறிக்கும். இருபதாம் எழுத்து நிரல் நிறுத்திவைக்கப்பட்டிருப்பதைக் குறிக்கும். பின்னணியில் ஓடும் நிரல் டெர்மினலிலிருந்து விசைகளைப் படிக்க முயன்றால் கெர்னல் அதை நிறுத்திவைப்பது இந்த இரண்டாவது நிலைக்கு வழக்கமான காரணம். மேலே கண்ட ஸ்கிரிப்ட் பெரும்பாலும் ‘எஸ்’ நிலையிலேயே தென்படும் என்பதால், ஒருமுறை பார்த்து முடிவுகட்டுவதை விடச் சில நொடிகள் தொடர்ந்து கவனிப்பது நல்லது.

அடுத்த கருவி ஸ்ட்ரேஸ். 1991இல் பால் கிரானென்பர்க் சன்ஓஎஸ் இயங்குதளத்துக்காக எழுதி, பின்னர் லினக்ஸில் நிலைபெற்ற இக்கருவி, ஒரு நிரல் கெர்னலிடம் விடுக்கும் ஒவ்வொரு அழைப்பையும் அதற்குக் கிடைத்த விடையையும் வரிவரியாக எழுதிக்காட்டும். ஃப்ரீபிஎஸ்டியில் டிரஸ், கேட்ரேஸ் ஆகியவை இந்த வேலையைச் செய்கின்றன. உறைந்த நிரலோடு ஸ்ட்ரேஸை இணைத்தால் பெரும்பாலும் ஒரே ஒரு வரி, அதுவும் விடைவராத அரை வரி தோன்றும். படிக்கும் அழைப்பு பூஜ்ஜியம் என்னும் கோப்பு எண்ணோடு நின்றிருந்தால், நிரல் விசைப்பலகையிலிருந்து எதையோ எதிர்பார்க்கிறது. இணைக்கும் அழைப்பு நின்றிருந்தால், மறுமுனையில் யாரும் பேசவில்லை. பிள்ளை நிரலுக்கான காத்திருப்பு என்றால், பார்க்கவேண்டியது இந்த நிரலை அல்ல, அது பெற்ற நிரலை. அதனால்தான் பிள்ளைகளையும் சேர்த்துப் பின்தொடரும் தெரிவோடு ஸ்ட்ரேஸை இயக்குவது எப்போதும் பயன்தரும்.

விசைப்பலகைக் காத்திருப்புக்கு, தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் நல்ல சான்று. புதிய சர்வரோடு முதன்முறை இணையும்போது, அதன் அடையாளச் சாவியை நம்பலாமா என்று எஸ்எஸ்எச் கேட்கும். ‘ஆம்’ என்ற விடையைப் பயனரின் வீட்டுக் கோப்புறையில் குறித்துவைத்துக்கொள்ளும். சூழலை அமைத்த ரூட் என்றோ ஒருநாள் ‘ஆம்’ என்று சொல்லியிருப்பதால் ரூட்டுக்கு அந்தக் கேள்வி மீண்டும் வருவதில்லை. புதிய பயனருக்கு வரும். எஸ்எஸ்எச் இக்கேள்வியை வழக்கமான வெளியீட்டில் எழுதாமல் நேரடியாக டெர்மினல் சாதனத்துக்கு அனுப்புவதால், வெளியீடு முழுவதையும் லாக் கோப்புக்குத் திருப்பியிருந்தாலும் அங்கே ஒரு வரியும் பதிவாகாது. யாரும் பார்க்காத போலி டெர்மினலோடு எஸ்எஸ்எச் வழியே இரவில் தானாக ஓடும், நிரல்மூலப் பதிப்புகளைக் கையாளும் கிட் கருவியின் பணியொன்று, கேட்கப்பட்ட கேள்விக்குப் பதிலில்லாமல் விடியும்வரை நிற்பது இப்படித்தான்.

வலையமைப்பு சார்ந்த உறைவுகளில், உறைவின் கால அளவே தடயமாகிவிடுவதுண்டு. லினக்ஸில் பெயரை முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் நூலகம், ஒரு சர்வருக்கு 5 நொடி காத்திருந்து, இரண்டு முறை முயல்வதை வழக்கமான அமைப்பாகக் கொண்டது. எனவே ஒரே டிஎன்எஸ் சர்வர் குறிக்கப்பட்டு அதுவும் எட்டாதிருந்தால், ஒவ்வொரு பெயர்த் தேடலும் சுமார் 10 நொடிக்கு நிரலை முடக்கும். டிசிபி இணைப்பு முயற்சி லினக்ஸில் பல ஆண்டுகளாக 127 நொடி நீண்டுவந்தது. 1, 2, 4 என்று இரட்டித்துச் செல்லும் மறுமுயற்சிகளின் கூட்டுத்தொகை அது. ஆகவே உறைவைக் கடிகாரத்தோடு அளந்துபார்ப்பவர், கருவி எதையும் தொடாமலேயே பாதி விடையை அறிந்துவிடலாம். இதில் பயனர் வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்றால், ஃபயர்வால் விதிகள் சில நேரங்களில் பயனர் எண்ணைப் பார்த்துப் பொட்டலங்களைத் தடுக்கின்றன என்பதே. தடுக்கும் முறையிலும் இரண்டு வகை உண்டு: மறுத்துப் பதில் அனுப்புவது ஒன்று, ஓசையின்றிப் போட்டுவிடுவது மற்றொன்று. ஆள் இல்லை என்று யாரோ எடுத்துச் சொல்லும் தொலைபேசிக்கும், மணி அடித்துக்கொண்டே இருக்கும் தொலைபேசிக்கும் உள்ள வேறுபாடே இது. பாதுகாப்புக்கென்று இரண்டாவதைத் தேர்ந்தவர்கள், உள்ளிருந்து வெளியே செல்லும் போக்குவரத்துக்கும் அதையே வைத்துவிட்டு, பிற்பாடு உறைவுகளைத் தேடி அலைகிறார்கள்.

பயனர் வேறுபாட்டை இன்னும் நுட்பமாக வெளிப்படுத்துவது, ஒரு பயனர் எத்தனை நிரல்களை ஒரே நேரத்தில் இயக்கலாம் என்னும் வரம்பு. ரூட்டுக்கு இவ்வரம்பு செல்லாது. சாதாரணப் பயனர் வரம்பை எட்டியதும், புதிய பிள்ளை நிரலைப் பெற முயலும் அழைப்புக்குக் கெர்னல் தரும் விடை ‘வளம் தற்காலிகமாக இல்லை’ என்பதாகும். ‘தற்காலிகம்’ என்பதை நம்பும் பேஷ் ஷெல் 1, 2, 4, 8 நொடி என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே மறுபடி மறுபடி முயலும். பிள்ளை நிரல்களை நூற்றுக்கணக்கில் பெறும் ஸ்கிரிப்டுக்கு இது உறைவாகவே தோன்றும். விந்தை என்னவென்றால், கண்டெய்னருக்குள் எண்ணிப்பார்த்தால் அந்தப் பயனருக்கு மூன்று நிரல்கள்கூட இருக்காது. பயனர் எண்களுக்கான நேம்ஸ்பேஸ் தனியே அமைக்கப்படாதபோது, கெர்னல் கணக்கிடுவது கண்டெய்னரை அல்ல, எண்ணை. ஒரே கணினியில் ஓடும் பத்துக் கண்டெய்னர்களில் பயனர் எண் 1000 கொண்டு ஓடும் அத்தனை நிரல்களும், அவற்றின் உரிமையாளர்களுக்கு ஒருவரையொருவர் தெரியாவிட்டாலும், ஒரே கணக்கில் சேர்கின்றன. கண்டெய்னரின் சுவர் கோப்புகளை மறைக்கிறது, நிரல்களை மறைக்கிறது, இந்தக் கணக்கை மட்டும் பிரிக்காமல் விட்டுவிடுகிறது. உள்ளே எவ்வளவு துருவினாலும் விடை கிடைக்காத சிக்கல்களுள் இது ஒன்று. வெளியே நின்று எண்ணினால் ஒரு நிமிட வேலை.

ரூட் ஒருபோதும் நடக்காத பாதையில் பயனர் மட்டும் நடப்பதால் வரும் உறைவும் உண்டு. அதற்கு ஃபேக்ரூட்டைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீடுகளில் மென்பொருள் பொதிகளைத் தயாரிக்கும்போது, பொதிக்குள் செல்லும் கோப்புகள் ரூட்டுக்கு உரியவையாக இருக்கவேண்டும்; ஆனால் தயாரிப்பவர் ரூட்டாக இருப்பது ஆபத்து. இதைத் தீர்க்க எழுந்த ஃபேக்ரூட், கோப்பின் உரிமையாளரை மாற்றும் அழைப்புகளை இடைமறித்து, மாற்றியதாகப் பொய் சொல்லி, அந்தப் பொய்களையெல்லாம் ஃபேக்ட் என்னும் துணை நிரலிடம் நினைவில் வைக்கச் சொல்கிறது. ஃபேக்ட் பின்னணிக்குச் செல்லும்போது, தன்னைப் பெற்ற நிரலிடமிருந்து வந்த திறந்த கோப்புகளையெல்லாம் மூடிவிடுவது பழைய யுனிக்ஸ் ஒழுக்கம். எவை திறந்திருக்கின்றன என்று அறிய எளிய வழி இல்லாததால், அனுமதிக்கப்பட்ட கடைசி எண் வரை ஒவ்வொன்றாக மூடிப்பார்ப்பதே வழக்கம். கோப்பு எண்களின் வரம்பு 1024 ஆக இருந்த காலத்தில் இதை யாரும் கவனித்ததில்லை.

லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின், 2018 டிசம்பரில் வெளியான 240ஆம் பதிப்பு, ஒரு நிரல் வைத்துக்கொள்ளக்கூடிய கோப்பு எண்களுக்குக் கெர்னல் விதித்திருந்த உச்சவரம்பை 1,07,37,41,816 ஆக உயர்த்தியது. டாக்கரின் பின்னணிச் சேவைகளுக்கு ‘வரம்பில்லை’ என்னும் அமைப்பு ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தமையால், அச்சேவைகள் பெற்றெடுத்த கண்டெய்னர்கள் பலவற்றில் நூறு கோடியைத் தாண்டிய அந்த எண்ணே வரம்பாகி நின்றது. திறக்கப்படாத கோப்பை மூடும் அழைப்பு ஒன்றுக்கு 100 நானோநொடி ஆகும் என்று குறைத்துக் கணக்கிட்டாலும், ஃபேக்ட் ஒருமுறை தொடங்கவே 107 நொடி வேண்டும். ஒரு பொதியைத் தயாரிக்கையில் ஃபேக்ரூட் பலமுறை அழைக்கப்படுவதுண்டு. பயனரின் பார்வையில், பொதி தயாரிப்பு எந்தச் செய்தியும் இன்றி நிற்கிறது. பிஎஸ் பட்டியலில், முன்னே நிற்கும் நிரல் ‘எஸ்’ நிலையில் ஃபேக்டின் பதிலுக்காகத் தூங்க, ஃபேக்ட் ‘ஆர்’ நிலையில் ஒரு சிபியுவை முழுவதுமாக எடுத்துக்கொண்டிருக்கும். அதனோடு ஸ்ட்ரேஸை இணைத்தவுடன், வரிசை எண் ஏறிக்கொண்டே போக, ஒவ்வொன்றுக்கும் ‘தவறான கோப்பு எண்’ என்ற விடையோடு மூடும் அழைப்புகள் திரையில் ஓடும். ரூட்டாகப் பொதி தயாரிப்பவருக்கு ஃபேக்ரூட் தேவையே இல்லாததால், அவரிடம் எல்லாம் சரியாகவே நடக்கும்.

தீர்வு மிகச் சிறியது: தயாரிப்பைத் தொடங்குமுன் அந்த ஷெல்லில் கோப்பு வரம்பை 1024க்கு இறக்குவது, அல்லது கண்டெய்னரைத் தொடங்கும்போதே வரம்பைக் குறிப்பிடுவது. 2020 அக்டோபரில் லினக்ஸ் 5.9இல் சேர்க்கப்பட்ட புதிய அழைப்பு, ஒரு வரம்புக்குள் அடங்கும் கோப்புகள் அனைத்தையும் ஒரே முறையில் மூடித்தருகிறது. பழைய நிரல்கள் அதற்கு மாறும்வரை இச்சிக்கல் வேறுவேறு பெயர்களில் தலைகாட்டிக்கொண்டே இருக்கும்.

பூட்டுக் கோப்புகள் தரும் தொல்லை வேறு வகை. ஒரு வேலையை ஒரே நேரத்தில் இருவர் செய்யாதிருக்க, நிரல்கள் தம் செயல் எண்ணை ஒரு கோப்பில் எழுதிவைக்கின்றன. பின்னர் வரும் நிரல் அந்த எண்ணுக்குரிய நிரல் உயிரோடு இருக்கிறதா என்று சோதித்து, இல்லையென்றால் பூட்டை உடைக்கிறது. கண்டெய்னருக்குள் செயல் எண்கள் ஒன்றிலிருந்து தொடங்குவதால், நேற்று இறந்துபோன கண்டெய்னர் பொதுச் சேமிப்பில் விட்டுச்சென்ற பூட்டில் 7 என்றிருந்தால், இன்றைய கண்டெய்னரிலும் ஏழாம் எண்ணில் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு மிகுதி. பூட்டு உயிருள்ளதாகவே தோன்றும். நிரல் பொறுமையாகக் காத்திருக்கும்.

ஆய்வுக்கருவிகளையே தனிமைச் சூழல் தடுப்பதும் உண்டு. ஒரு நிரல் மற்றொன்றை உளவு பார்ப்பதை உபுண்டு போன்ற வெளியீடுகள் யாமா என்னும் பாதுகாப்புப் பிரிவின் வழியே, தான் பெற்ற பிள்ளைகளை மட்டும் பார்க்கலாம் என்று சுருக்கியுள்ளன. டாக்கரின் வடிகட்டி, கெர்னல் 4.8க்கு முந்தையவற்றில் அதை முற்றிலும் மறுக்கிறது. சிறிய கண்டெய்னர்களில் ஸ்ட்ரேஸ் மட்டுமல்ல, பிஎஸ்ஸும் இருப்பதில்லை. இங்கே பலரும் கண்டெய்னருக்கு முழு அதிகாரம் கொடுத்து மறுபடி தொடங்குகிறார்கள். அப்போது உறைவும் சேர்ந்து மறைந்துவிடுவதால், மறைத்தது எந்த உரிமை என்பது தெரியாமலே அந்த அதிகாரம் நிரந்தரமாகிவிடுகிறது. இதைவிட, வெளியே உள்ள கணினியிலிருந்து பார்ப்பது மேல். கண்டெய்னருக்குள் 7 ஆக இருக்கும் நிரல் வெளியே 48,000த்தைத் தாண்டிய எண்ணோடு சாதாரண நிரலாகவே தெரியும். ப்ராக் கோப்புமரத்தில் அந்நிரலுக்குரிய நிலைக் கோப்பு, இரண்டு எண்களையும் ஒரே வரியில் காட்டும். அங்கிருந்து ரூட்டாக ஸ்ட்ரேஸை இணைக்கத் தடையில்லை.

ஒரே நிரலை ரூட்டாக ஒருமுறையும் பயனராக ஒருமுறையும் ஸ்ட்ரேஸின் கீழ் ஓடவிட்டு, செயல் எண்களையும் நினைவக முகவரிகளையும் நீக்கிய பின் இரண்டு பதிவுகளையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது, நேரம் பிடித்தாலும் ஏமாற்றாத முறை. பதிவுகள் முதன்முதலில் பிரியும் வரி, உறைவு நிகழும் வரிக்கு ஆயிரக்கணக்கான வரிகள் முன்னால் இருப்பது வழக்கம். ஏதோ ஒரு கோப்பு திறக்க மறுக்கப்பட்டு, நிரல் அதைப் பொருட்படுத்தாமல் கடந்துபோயிருக்கும். எல்லாக் கோப்புகளும் ரூட் மட்டுமே படிக்கக்கூடியவையாக உருவாகும்படி அதன் முன்னியல்பு அனுமதி அமைந்திருந்தால், பயனர் பட்டியல் கோப்பே பயனருக்குப் படிக்க முடியாமல் போய், ‘எனக்குப் பெயரே இல்லை’ என்று பொருள்படும் வாசகத்தைப் பேஷ் தன் கட்டளை வரியில் காட்டிக்கொண்டிருக்கும். கண்முன்னே நிற்கும் அந்த வாசகத்தைக் கடந்து, வலையமைப்பில் காரணம் தேடுபவர் பலர்.

இந்த ஒப்பீட்டில் ரூட்டின் பதிவைச் சரியான மாதிரியாகக் கொள்வதற்கும் எல்லை உண்டு. பயனர் நேம்ஸ்பேஸின் மீது எழுந்த ரூட்லெஸ் கண்டெய்னர்களில், உள்ளே ரூட் எனப்படுபவர் வெளியே ஒரு சாதாரணப் பயனர். உள்ளே உள்ள பிற பயனர்கள் அவருக்கென ஒதுக்கப்பட்ட, வழக்கமாக 65,536 எண்கள் கொண்ட தொகுதிக்குள் அடங்குபவர்கள். அத்தொகுதிக்கு வெளியே உள்ள எவருடைய கோப்பும் உள்ளே 65534 என்னும் ‘யாருமில்லை’ பயனருக்குரியதாகத் தெரியும். அந்தக் கோப்பு எல்லோருக்கும் அனுமதி தராவிட்டால், அதைத் திறக்க உள்ளிருக்கும் ரூட்டாலும் முடியாது. வலைவழிக் கோப்பகங்களை வழங்கும் என்எஃப்எஸ் சர்வர்களும் தம்மிடம் வரும் ரூட்டை இவ்வாறே ‘யாருமில்லை’யாக மாற்றுவது பழைய வழக்கம்; வீட்டுக் கோப்புறை அத்தகைய சர்வரில் இருக்கும்போது, பயனருக்கு ஓடும் நிரல் ரூட்டுக்கு உறையக்கூடும். அப்போது ஒப்பீட்டைத் தலைகீழாக்கி, பயனரின் பதிவை மாதிரியாக வைத்துக்கொண்டு தொடங்கவேண்டும்.